கிட்டாரை விற்பதா, அடகு வைப்பதா? முதலில் நாட்களை எண்ணுங்கள்

வாடகைத் தேதி நெருங்கிவிட்டது, மின்கட்டணம் பாக்கி, கிரெடிட் கார்டில் இனி இடமில்லை. வீட்டில் எதை விற்கலாம் என்று சுற்றிச் சுற்றி வந்த கண் கடைசியில் சுவரில் மாட்டியிருக்கும் கிட்டாரில் போய் நிற்கும். நானும் அந்தச் சுவர் முன்னால் நின்றவன்தான். பன்னிரண்டு வருடம் வாசித்த அக்கூஸ்டிக் கிட்டார். மூன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தக் கணக்குதான் இது.

கிட்டாருக்கு என்ன கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது, பணம் கட்ட இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்பதுதான். மூன்று வாரம் இருப்பவருக்கு ஒரு விலை, மூன்று நாள் இருப்பவருக்கு வேறு விலை. ஒப்பிட வசதியாக, அவசரப்படாமல், வாசிப்பவர் ஒருவருக்கே நேரடியாக விற்கும்போது 100 என்று விலை சொல்லக்கூடிய கிட்டார் என்று வைத்துக்கொள்வோம்.

அதைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனால் பெரும்பாலும் 50, மிஞ்சிப்போனால் 60. கேட்டதும் ரத்தம் கொதிக்கும். ஆனால் கடைக்காரர் ஃபிரெட் (கம்பியை அழுத்தும் இடத்தில் பதித்த உலோகப் பட்டை) தேய்மானத்தைச் சரிசெய்ய வேண்டும், புதுக் கம்பி போட வேண்டும், விற்கும்வரை தன் வாடகையில் அதை மாட்டி வைக்க வேண்டும். அது அவர் தொழில், அவரைத் திட்டிப் பயனில்லை. நான் போன கடையில் ஒருவர், கம்பிகள் உடலில் மாட்டியிருக்கும் பிரிட்ஜுக்குப் பின்னால் ஸ்கேலை வைத்துப் பார்த்து, மரம் உப்பியிருக்கிறது என்று உதட்டைப் பிதுக்கினார். வருடக்கணக்காகக் கம்பி இழுத்த அக்கூஸ்டிக் கிட்டாரில் லேசான உப்பல் சாதாரணம். சரி, வேண்டாம் என்று கேஸை மூடிக் கிளம்பினேன். வாசலைத் தாண்டுவதற்குள் இரண்டு முறை விலையை ஏற்றினார். உப்பல் எங்கே போனதோ! இருந்தாலும் கடைக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: அன்றைக்கே பணம் கையில்.

அதே கடையில் கமிஷனுக்கு விட்டுவிட்டு வரலாம். விற்றபின் 15 முதல் 30 சதவீதம் எடுத்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். கையில் 70, 80 நிற்கும். எப்போது நிற்கும் என்பதுதான் சிக்கல். பழைய, விலை உயர்ந்த, சரியான ஆள் வந்தால்தான் விற்கும் கிட்டார்களுக்கு இது நல்ல வழி. குறைந்தபட்ச விலை என்ன, கடையில் கீறல் விழுந்தால் யார் பொறுப்பு, விற்ற எத்தனை நாளில் பணம் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் கட்ட வேண்டிய பில்லுக்கு இது உதவாது.

அடகு, மனசுக்கு இதமான வழி. விற்கவில்லையே, மீட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் கையில் வருவது பெரும்பாலும் 25 முதல் 50 வரைதான். மேலே வட்டி. எனக்கு இதில் ஒரே ஒரு விதி: பணம் வரும் தேதி நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் அடகு. தாமதமான சம்பளம், உறுதியான பாக்கி என்றால் சரி. “எப்படியாவது புரட்டிவிடலாம்” என்றால் வேண்டாம். வட்டியை மட்டும் கட்டித் தள்ளிப்போட்டு, நாலாவது மாதம் மூழ்கிப்போனால், 100 பெறும் கிட்டாரை 30க்குக் கொடுத்ததோடு வட்டியும் அழுத கதை ஆகிவிடும். அதற்குக் கடைக்காரர் தரும் 50 எவ்வளவோ மேல். வாசிக்கிற நண்பர் இருந்தால் கிட்டாரை அவர் வீட்டில் விட்டுவிட்டு கைமாத்து வாங்கலாம். அவருக்கு வாசிக்க ஒரு கிட்டார், உங்களுக்கு வட்டி இல்லை. கேட்கக் கூச்சமாக இருக்கும், அது வேறு விஷயம்.

எக்ஸ்சேஞ்ச் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நல்லதைக் கொடுத்து மலிவானதையும் மீதிப் பணத்தையும் வாங்கினால், பழையதில் ஒரு நஷ்டம், புதியதில் ஒரு நஷ்டம்.

நேரடி விற்பனைதான் நான் தேர்ந்தெடுத்தது. பேரம் போக 85, 90 வரும் என்று நினைத்தேன், 88இல் முடிந்தது. பதினாறு நாள் ஆயிற்று. அந்தப் பதினாறு நாளும் எளிதல்ல. முதல் நாள் கம்பிகளைக் கழற்றி, விரல் வைக்கும் ஃபிங்கர்போர்டில் படிந்த அழுக்கைத் துடைத்து, புதுக் கம்பி போட்டேன். அதற்குமேல் செலவு செய்யாதீர்கள். மாற்றிய பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்), பளபளப்பான டியூனர் (கம்பியை முறுக்கும் திருகு) எதுவும் போட்ட பணத்தைத் திருப்பித் தராது. கழற்றி வைத்த ஒரிஜினல் பாகங்கள் பெட்டியில் கிடந்தால் அவற்றுக்குத்தான் மதிப்பு. பழைய கிட்டாருக்குப் புதுப் பாலிஷ் அடிக்கவே கூடாது. அதனால் விலை பாதியாக இறங்கியதுண்டு.

படம் எடுக்கும்போது அழகை மட்டும் காட்டத்தான் கை போகும். நான் குறைகளைத்தான் முதலில் எடுத்தேன்: சவுண்ட்ஹோலுக்குக் கீழே மீட்டும் பிக் உரசி வெளுத்த இடம், முதுகில் பெல்ட் பக்கிள் போட்ட கோடுகள், மூன்றாவது ஃபிரெட்டில் கம்பி அறுத்த பள்ளம். ஹெட்ஸ்டாக் (டியூனர்கள் இருக்கும் தலைப்பகுதி) உடைந்து ஒட்டியதாக இருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். ஒட்டு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் விலை கிட்டத்தட்டப் பாதிதான். மறைத்தால் வருகிறவர் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடிப்பார், அப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டார்.

“கடைசி விலை என்ன?” என்று மட்டும் கேட்டு மறைந்தவர்கள் பதினொரு பேர். பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் காட்டியவர் ஒருவர். உங்கள் கணக்கில் ஏறிய பணம்தான் பணம். வெளியூருக்கு அனுப்புவதானால் ஹார்ட் கேஸ், ஹெட்ஸ்டாக்கின் இருபுறமும் அசையாதபடி திணிப்பு, கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்துவது, இந்த மூன்றும் கட்டாயம். மெல்லிய ‘லைட் செட்’ கம்பிகளே 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. அந்த இழுப்போடு பெட்டி கீழே விழுந்தால் முதலில் போவது ஹெட்ஸ்டாக் கழுத்துதான். நாடு தாண்டி விற்பவர்கள் மரத்தையும் பார்க்க வேண்டும். 2017இல் ரோஸ்வுட் கிட்டார்களுக்கும் வந்த சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) அனுமதித் தொல்லை, 2019 நவம்பரில் தயாரான இசைக்கருவிகளுக்கு நீங்கியது. பிரேசிலியன் ரோஸ்வுட்டுக்கு மட்டும் நீங்கவில்லை.

இத்தனைக்கும் முன்னால் நான் செய்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. அலமாரியைத் திறந்திருக்க வேண்டும். வருடக்கணக்கில் தொடாத, காலால் மிதித்து ஒலியை மாற்றும் நாலு பெடல், ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர், இரண்டாவது கிட்டார் எல்லாம் உள்ளே தூங்கின. பெடல்கள் சீக்கிரம் விற்கும், அனுப்புவதும் சுலபம். ஒரு மாதத் துண்டு விழுந்ததை அவையே அடைத்திருக்கும். மாதாமாதம் துண்டு விழுகிறவர்களுக்கு அது போதாது. அவர்கள் நல்ல கிட்டாரையே விற்க வேண்டிவரும், அதை அவகாசம் இருக்கும்போதே விற்பது மேல்.

பிரபலங்களுக்கும் இந்த நிலை வந்திருக்கிறது. ஃப்ளீட்வுட் மேக் இசைக்குழுவைத் தொடங்கிய பீட்டர் கிரீனின் 1959 லெஸ் பால் எலெக்ட்ரிக் கிட்டார், இன்னொரு கிட்டார் கலைஞரான கேரி மூரிடம் வந்தது. உன் எஸ்ஜி கிட்டாரை விற்று, கிடைப்பதைக் கொடு போதும் என்றாராம் கிரீன். முப்பது வருடத்துக்கு மேல் வாசித்த மூர், கையில் காயம், ரத்தான கச்சேரிகள், பண நெருக்கடி என்று 2006இல் அதை விற்றார். 2011இல் இறந்தார். 2014இல் அது மெட்டாலிகா குழுவின் கிட்டார் கலைஞர் கிர்க் ஹாம்மெட் கைக்குப் போனது.

என் கிட்டாரை வாங்கியவர் நெக்கை ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், பன்னிரண்டாவது ஃபிரெட்வரை ஒவ்வொரு ஸ்வரமாக அழுத்திப் பார்த்தார், அப்புறம்தான் வாசித்தார். சீரியல் நம்பரைக் குறித்து வைத்துக்கொண்டேன். எப்போதாவது விற்பதானால் முதலில் என்னிடம் கேளுங்கள் என்றேன். என் போன் நம்பரைக் கண்முன்னேயே தன் போனில் பதிந்துகொண்டார். இரண்டு வருடம் ஆகிறது. போன் வரவில்லை.