தமிழ்நாட்டுக் கடலுக்கு எந்த ரோந்துப் படகு சரி?

கடலோரப் பாதுகாப்பு என்று பேச்செடுத்தாலே கப்பல் எவ்வளவு பெரிது, பீரங்கி எவ்வளவு தூரம் சுடும் என்றுதான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். 2008 நவம்பர் 26 அன்று மும்பைக்குள் நுழைந்த பத்துப் பேர் என்ன செய்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கராச்சியிலிருந்து கிளம்பி, நடுக்கடலில் குபேர் என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கைப்பற்றி, கடைசியில் ஒரு ரப்பர் படகில் ஏறி மீனவர் குடியிருப்பை ஒட்டிக் கரை இறங்கினார்கள். அன்றைக்கும் நம்மிடம் கப்பல்கள் இருந்தன, மீன்பிடிப் படகுகளுக்கு நடுவே தப்பான ஒரு படகை அடையாளம் காண ஆள்தான் இல்லை. அதனால் தமிழ்நாட்டுக் கடலில் எது எங்கே உதவும் என்பதை அந்தக் கண்ணோட்டத்தில்தான் ஒப்பிட வேண்டும்.

முதலில் பெரியது. எல் அண்ட் டி கட்டிய விக்ரம் வகை ரோந்துக் கப்பல் 98 மீட்டர் நீளம், சுமார் 2,100 டன் எடை, 26 நாட் (மணிக்கு சுமார் 48 கிலோமீட்டர்) வேகம், மேலே ஹெலிகாப்டர் இறங்க இடம். கடற்கரையிலிருந்து 200 கடல் மைல் வரை உள்ள பொருளாதார மண்டலத்தைக் காவல் காக்க இதுதான் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ல் சரக்குக் கப்பல் தீப்பிடித்து எரிந்தபோது, தீயணைக்கப் போன இந்தியக் கப்பல்களில் இந்த வகை வஜ்ராவும் ஒன்று. ஆனால் ராமேஸ்வரம் பக்கம் ஆழம் குறைந்த கடலில் ஒரு ஃபைபர் படகைத் துரத்த இதை அனுப்ப முடியாது.

அடுத்தது நடுத்தரம். கொச்சி கப்பல் கட்டும் தளத்தின் ஆதேஷ் வகையில் இருபது கப்பல்கள் உண்டு. 50 மீட்டர் நீளம், 33 நாட், அதாவது மணிக்கு அறுபது கிலோமீட்டர். நாள்கணக்கில் கடலில் நிற்கலாம், கொஞ்சம் மோசமான வாடைக் காற்றையும் தாங்கும். தூத்துக்குடி, மன்னார் வளைகுடா, கூடங்குளம் அணுமின் நிலையத்தின் முன்கடல் ஆகிய இடங்களுக்கு என் தேர்வு இந்த அளவுதான். 2013 அக்டோபரில் சீமேன் கார்டு ஓஹியோ என்ற கப்பலை, உள்ளே துப்பாக்கிகளும் 35 பேருமாக, மடக்கித் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது கடலோரக் காவல்படையின் (கோஸ்ட் கார்டு) ரோந்துக் கப்பலான நாயகி தேவி. உள்ளூர்ப் படகிலிருந்து அந்தக் கப்பலுக்கு டீசல் போனதும் அந்த வழக்கில் வந்தது. அதைத் தடுத்து நிறுத்த 98 மீட்டர் கப்பல் தேவைப்படவில்லை.

சின்னதற்கு வருவோம். கோஸ்ட் கார்டின் இடைமறிப்புப் படகு சுமார் 28 மீட்டர், 45 நாட். அந்த வேகத்தில் விசைப்படகு எதுவும் தப்ப முடியாது. அடியில் சுழலும் காற்றாடி இல்லாமல், தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி ஓடும் வாட்டர்ஜெட் என்பதால் ஆழம் குறைந்த இடத்திலும் போகும், மீன்வலை காற்றாடியில் சுற்றிக்கொள்ளும் தொல்லையும் இல்லை. ஆனால் மிதக்கும் பிளாஸ்டிக்கை உறிஞ்சிவிட்டால் வேகம் விழும். அலை ஏறிய நாளில் முழு வேகத்தில் ஓட்டினால் ஒவ்வொரு அடியும் உள்ளே இருப்பவர்களின் முதுகெலும்பில் விழும். பல நாள் தங்கி ரோந்து போகிற படகும் இல்லை இது, ஓடிப்போய் மடக்கிவிட்டுத் திரும்புகிற படகு.

பாக் விரிகுடாவின் கதையே வேறு. பல இடங்களில் ஆழம் சில பாகம்தான் (ஒரு பாகம் என்பது ஆறடி), ஆதாம் பாலத்து மணல்திட்டுப் பக்கம் போனால் அதுவும் இல்லை. அங்கே மண்டபத்தின் ஹோவர்கிராஃப்டை மிஞ்ச எதுவும் கிடையாது. காற்று மெத்தையில் ஏறி மணல், சேறு, தண்ணீர் எல்லாவற்றின் மேலும் ஓடும். படகு தரை தட்டும் இடத்தில் இது நேராகத் திட்டின் மேலேயே ஏறி நிற்கும். குறையும் உண்டு. சத்தம் காதைப் பிளக்கும் என்பதால் இரவில் ஒளிந்து நின்று பிடிக்கிற வேலைக்கு ஆகாது. அலை உயர்ந்தால் தடுமாறும், அடியில் காற்றைப் பிடித்து வைக்கும் ரப்பர் பாவாடை தேய்ந்துகொண்டே இருக்கும், பராமரிப்புச் செலவும் அதிகம்.

2023 பிப்ரவரியில் மண்டபத்துக்கு அருகே கடத்தல்காரர்கள் கடலில் வீசிய 17 கிலோவுக்கும் மேற்பட்ட தங்கத்தை முக்குளிப்பவர்கள் அடியிலிருந்து எடுத்தார்கள். இதில் வேகத்தின் பங்கு பாதிதான். எந்தப் படகு வருகிறது, எந்த இடத்தில் வீசினார்கள் என்று தெரிந்திருந்ததுதான் மீதிப் பாதி.

இதே கடலில் நேர்மாறானதும் நடந்திருக்கிறது. 2022 அக்டோபரில் நம் கடற்படைக் கப்பல் ஐஎன்எஸ் பங்காரம் ஒரு மீன்பிடிப் படகின் மேல் சுட்டது. சந்தேகத்துக்கிடமான படகு, எச்சரித்தும் நிற்கவில்லை என்றார்கள். காயம்பட்டது நம்மூர் மீனவர். இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. கப்பலில் ரேடார், இயந்திரத் துப்பாக்கி எல்லாம் இருந்து என்ன பயன், எதிரே வருவது நம்மூர்ப் படகு என்று சொல்ல வேண்டிய நேரத்தில் ஆள் இல்லையே!

அதனால்தான் யாரும் கண்டுகொள்ளாத ஐந்தாவது தேர்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின், அதாவது மரைன் போலீஸின் 12 டன், 5 டன் படகுகள். கோவாவிலும் கொல்கத்தாவிலும் கட்டி மாநிலங்களுக்குக் கொடுத்தார்கள். வேகத்திலும் ஆயுதத்திலும் மேலே சொன்ன எதற்கும் ஈடில்லை. டீசலுக்குப் பணம் இல்லை, ஓட்ட ஆள் இல்லை என்று இந்தப் படகுகள் கரையிலேயே கிடந்ததைப் பல மாநிலங்களின் தணிக்கை அறிக்கைகள் சொல்லியிருக்கின்றன. ஆனால் வல்லம் என்கிற மீன்பிடிப் படகைப் பார்த்தவுடனே எந்த ஊர் என்று சொல்லக்கூடிய மீனவ இளைஞர்கள் ஏறக்கூடிய படகும் இதுதான்.

அடுத்த ஒரு கோடி ரூபாயை எங்கே போடுவீர்கள் என்று என்னைக் கேட்டால், புதிய கப்பலுக்கு ஒரு பைசாகூடத் தரமாட்டேன். இந்த 12 டன் படகுகளுக்கு டீசல், இன்ஜின் மெக்கானிக், ஒவ்வொரு ரோந்திலும் கடற்கரைக் கிராமத்துப் பையன்கள் இரண்டு பேருக்குச் சம்பளம், கோஸ்ட் கார்டோடு நேராகப் பேச நல்ல வயர்லெஸ். மிச்சம் இருந்தால் மண்டபத்து ஹோவர்கிராஃப்டுக்கு உதிரி பாகம் வாங்கிப் போடலாம்.