கதிர்வீச்சுத் தடுப்பு ஸ்டிக்கர்: வாங்கிப் பார்த்தபின் எழுதும் மதிப்புரை

செல்போன் கடைகளில் உறைகளும் திரைக்கண்ணாடிகளும் தொங்கும் வரிசையில், கதிர்வீச்சைத் தடுப்பதாகச் சொல்லி ஒரு பொன்னிற ஸ்டிக்கரும் இப்போது விற்கப்படுகிறது. கட்டைவிரல் நகத்தளவே உள்ள அதன் விலை 499 ரூபாய். செல்போனின் முதுகில் ஒட்டிவிட்டால் 99 சதவீதக் கதிர்வீச்சை அது "நடுநிலையாக்கிவிடும்" என்றும், நோய் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும் என்றும், தைராய்டு முதலான ஹார்மோன்களைச் சமநிலையில் வைத்திருக்கும் என்றும் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். ஏறத்தாழ இதே வாசகங்களோடு பல பெயர்களில் இத்தகைய பொருள்கள் கிடைப்பதாலும், நான் சொல்லப்போவது அவை எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பதாலும், நான் வாங்கியது எந்த நிறுவனத்துடையது என்பதைக் குறிப்பிடவில்லை. சுருக்கமாகச் சொன்னால், இதை வாங்க வேண்டாம். காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் இந்தப் பொருளை வாங்குகிறவர்களின் கவலை பொய்யானதல்ல, அந்தக் கவலைக்கு உரிய மரியாதையோடு பதில் சொல்லப்பட வேண்டும்.

முதலில் பொருளைப் பார்ப்போம். மேலே பிசின் பூச்சு, நடுவில் மின்சுற்றைப் போல அச்சிட்ட மெல்லிய உலோகத்தாள், அடியில் பசை, இவ்வளவுதான். செல்போனோடு அதற்கு எந்த மின்தொடர்பும் இல்லை. ஆண்ட்ராய்டு செல்போன்கள் பலவற்றில், அமைப்புகளில் உள்ள சிம் நிலை என்ற பகுதிக்குச் சென்றால் சிக்னல் வலிமையை எண்ணாகவே பார்க்கலாம். ஒரே இடத்தில் செல்போனை வைத்து, ஸ்டிக்கர் இல்லாமலும் ஒட்டிய பிறகும் அந்த எண்ணைக் கவனித்தேன். வழக்கமாக அது ஏறி இறங்குகிற அளவுக்கு மேல் எந்த மாற்றமும் தெரியவில்லை. வீட்டில் செய்யும் இந்தச் சோதனை ஆய்வுக்கூட அளவீட்டுக்கு ஈடாகாது என்றாலும், வருகிற அலையையும் போகிற அலையையும் 99 சதவீதம் குறைக்கிற பொருள் எதுவாக இருந்தாலும் அந்த எண்ணை அசைக்காமல் இருக்க முடியாது.

"நடுநிலையாக்குதல்" என்ற சொல்லிலேயே சிக்கல் இருக்கிறது. ஒரு ரேடியோ அலையைப் பொருள் ஒன்று உட்கவரலாம், திருப்பி அனுப்பலாம், அல்லது கடந்துபோக விடலாம். நம் குரலைச் சுமந்து செல்லும் நல்ல அலை ஒன்று, உடலைத் தாக்கும் கெட்ட அலை ஒன்று என்று செல்போனிலிருந்து இரண்டு வெளிப்படுவதில்லை. கோபுரத்தை எட்டுவதும் கன்னத்தில் படுவதும் ஒரே அலைதான். ஆகவே ஸ்டிக்கர் உண்மையிலேயே அலையைத் தடுக்குமானால் பேச்சு துண்டிக்கப்பட வேண்டும், அல்லது கோபுரத்தை எட்டுவதற்காகச் செல்போன் தன் ஆற்றலைக் கூட்டிக்கொள்ள வேண்டும். சிக்னல் மங்கும்போது ஆற்றலைக் கூட்டுவதும் நன்றாக இருக்கும்போது குறைப்பதும் எல்லாச் செல்போன்களிலும் தானாக நடக்கிற ஏற்பாடு. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2002இலேயே இத்தகைய தடுப்புப் பட்டைகளை விற்ற நிறுவனங்கள்மீது நடவடிக்கை எடுத்தது. இவை சிக்னலுக்கு இடையூறு செய்தால் செல்போன் கூடுதல் ஆற்றலை இழுத்து, கதிர்வீச்சைக் கூட்டவும் கூடும் என்பதும், அலை காதருகே உள்ள துளையிலிருந்து மட்டுமன்றிச் செல்போன் முழுவதிலிருந்தும் வெளிவருகிறது என்பதும் அந்த ஆணையம் நுகர்வோருக்குச் சொன்ன எச்சரிக்கைகள். வைஃபை ரூட்டருக்கு மேல் கவிழ்ப்பதற்கென்று விற்கப்படும் கம்பிவலைக் கூண்டுக்கும் இதே நியாயம்தான்: இணையம் கிடைத்துக்கொண்டிருந்தால் அலை வெளியே வருகிறது என்று பொருள்.

பொருளைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் அதிகமில்லை. ஆனால், பெட்டியின்மேல் உள்ள நோய் எதிர்ப்பு, ஹார்மோன் என்ற இரு சொற்களும் வெறும் கற்பனையிலிருந்து எடுக்கப்பட்டவை அல்ல. அவற்றின் பின்னால் உண்மையான ஆய்வுகள் உள்ளன. விற்பனையாளர்கள் பாதியை மட்டும் சொல்வதால், மீதியையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நோய் எதிர்ப்பு மண்டலம் பற்றிய கேள்வி சோவியத் ஒன்றியத்திலிருந்து தொடங்குகிறது. 1970களிலும் 80களிலும் கீவ் நகர ஆய்வாளர்கள், குறைந்த ஆற்றலுள்ள நுண்ணலையில் எலிகளை நாள்தோறும் வைத்திருந்தபோது, அவற்றின் உடல் தன் மூளைத் திசுவுக்கு எதிராகவே எதிர்ப்பொருள்களை உருவாக்கியதாக எழுதினார்கள். அந்நாட்டின் கடுமையான பாதுகாப்பு வரம்புகளுக்கு அந்த ஆய்வுகள் ஓர் அடிப்படையாக இருந்தன. பல ஆண்டுகளுக்குப் பின், மாஸ்கோவிலும் பிரான்சின் போர்தோவிலும் தனித்தனிக் குழுக்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தன. 2450 மெகாஹெர்ட்ஸ் அலையில், சதுர மீட்டருக்கு 5 வாட் செறிவில், நாளுக்கு ஏழு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் என மொத்தம் 30 நாள் எலிகள் வைக்கப்பட்டன. போர்தோ குழுவின் முடிவுகள் 2009இலும் ரஷ்யக் குழுவின் முடிவுகள் 2010இலும் வெளியாயின. ரஷ்யக் குழு பழைய முடிவுகளோடு ஓரளவு ஒத்துப்போகும் மாற்றங்களைக் கண்டது. போர்தோ குழு அப்படி எதையும் காணவில்லை. அந்த 5 வாட் என்ற அளவு, இந்த அலைவரிசைக்கு, கதிர்வீச்சு வரம்புகளைப் பரிந்துரைக்கும் சர்வதேச ஆணையம் (ஐ.சி.என்.ஐ.ஆர்.பி.) பொதுமக்களுக்கு வகுத்துள்ள 10 வாட் வரம்பில் பாதி. அதாவது, அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் எழுந்த கேள்வி அது. அதனால்தான் அதை எளிதில் ஒதுக்கிவிட முடியவில்லை. அதே சமயம் இந்தியா 2012 செப்டம்பர் முதல் செல்போன் கோபுரங்களுக்கு அந்தச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கை மட்டுமே அனுமதிக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஹார்மோன்களைப் பொறுத்தவரை நேரடியாக மனிதர்களிடம் செய்த ஆய்வுகளே உண்டு. 1998இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், 20 ஆண்கள் ஒரு மாத காலம், நாளுக்கு இரண்டு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் செல்போன் அலைக்கு உட்படுத்தப்பட்டார்கள். அவர்களுடைய பிட்யூட்டரிச் சுரப்பியின் ஹார்மோன்கள் தொடர்ந்து அளக்கப்பட்டன. வளர்ச்சி ஹார்மோனிலும் இனப்பெருக்கம் சார்ந்த ஹார்மோன்களிலும் மாற்றமில்லை. தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். மட்டும் ஏழாவது முறை இரத்தம் எடுத்தபோது 21 சதவீதம் குறைந்திருந்தது. அலை நிறுத்தப்பட்ட பிறகு பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. இந்த முடிவின் முன்பாதியைப் படிக்கிறவர் அஞ்சுவார், பின்பாதியையும் படிக்கிறவர் ஆறுதல் கொள்வார். தூக்கத்துக்கு உதவும் மெலடோனினை அளந்த அடுத்த ஆண்டின் பிரெஞ்சு ஆய்வில் மாற்றம் தென்படவில்லை. இரவில் படுக்கையில் செல்போன் பார்ப்பதால் மெலடோனின் குறைவதற்கு, நன்கு நிறுவப்பட்ட வேறொரு காரணம் இருக்கிறது: திரையின் ஒளி கண்வழியே செல்வது. செல்போனின் முதுகில் ஒட்டிய எதுவும் அதைத் தடுக்காது.

அண்மைக் காலத்தில் அதிகம் பேசப்பட்டது ஸ்விட்சர்லாந்து ஆய்வு. 2005 முதல் 2018 வரை இராணுவத் தேர்வுக்கு வந்த 18 முதல் 22 வயதுக்குட்பட்ட 2,886 இளைஞர்களின் விந்தணுக்கள் ஆராயப்பட்டு, முடிவு 2023இல் வெளியிடப்பட்டது. நாளுக்கு இருபது முறைக்கு மேல் செல்போனைப் பயன்படுத்தியவர்களிடம் விந்தணுச் செறிவு குறைவாகக் காணப்பட்டது. ஆயினும், செல்போனைக் காற்சட்டைப் பையில் வைப்பவர்களுக்கும் வேறிடத்தில் வைப்பவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. 2ஜி மறைந்து 3ஜி, 4ஜி வர வர, அந்தத் தொடர்பும் தேய்ந்துகொண்டே வந்தது. பழைய 2ஜி செல்போன் உச்சத்தில் 2 வாட் வரை வெளியிடும்; 4ஜி செல்போனின் உச்சம் 0.2 வாட் அளவே என்பதை இதோடு வைத்துப் பார்க்கலாம். அதிகம் செல்போன் பார்க்கிறவர்களின் தூக்கம், உடலுழைப்பு, உணவு ஆகியவையும் வேறுபடும் என்பதால், அலைதான் காரணம் என்று இந்த ஆய்விலிருந்து சொல்லிவிட முடியாது. கேள்வி இன்னும் மூடப்படவில்லை. ஆராய்ச்சி தொடர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால், பாதிப்பு உண்டா என்பதே தெளிவாகாத நிலையில், அந்தப் பாதிப்பை நீக்கிவிட்டதாக ஒரு ஸ்டிக்கர் எதை அளந்து சொல்கிறது?

எனக்கு உண்மையான கோபம் வந்தது வேறோரிடத்தில். தைராய்டு ஹார்மோன் குறைபாட்டுக்காகப் பல ஆண்டுகளாகத் தைராக்சின் மாத்திரை சாப்பிட்டு வரும் என் சித்தி, இந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "இதை ஒட்டிக்கிட்டா மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கலாம்னு கடையில சொன்னாங்கப்பா, சரியா வருமா?" என்று கேட்டார். "வேண்டாம் சித்தி, டாக்டர் சொல்லாம ஒரு நாள் மாத்திரையையும் விட்டுடாதீங்க" என்று சொன்னதோடு, அடுத்த முறை டி.எஸ்.எச். பார்க்கும்போது மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளும்படியும் வற்புறுத்தினேன். ஹார்மோன் குறைபாடுள்ள ஒருவர் மாத்திரையை நிறுத்தினால், அதன் விளைவு மெல்லத்தான் தெரியவரும். சோர்வும் உடல்பருமனும் வந்த பிறகும் அதற்குச் செல்போனையே குறை சொல்லி இன்னொரு ஸ்டிக்கர் வாங்குவார்கள். 499 ரூபாய் வீணாவது பெரிய இழப்பல்ல, இப்படிச் சிகிச்சை தவறுவதே பெரிய இழப்பு.

இந்த வகைப் பொருள்களில் இதைவிட மோசமானவையும் உண்டு. "குவாண்டம்" பதக்கம், 5ஜி எதிர்ப்புக் கைவளை, கண்மூடி என விற்கப்பட்ட பத்துப் பொருள்களைச் சோதித்த நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம், அவையே அயனியாக்கும் கதிர்வீச்சை (எக்ஸ்-கதிரைப் போல உயிரணுக்களைச் சிதைக்கக்கூடிய வகையை) வெளியிடுகின்றன என்று 2021 டிசம்பரில் எச்சரித்தது. அயனியாக்காத ரேடியோ அலைக்கு அஞ்சி, அயனியாக்கும் கதிரைக் கழுத்தில் அணிந்துகொள்வதை நினைக்கவே வேதனையாக இருக்கிறது. அத்தகைய பதக்கம் வீட்டில் இருந்தால், குழந்தைகளுக்கு எட்டாமல் உடனே அப்புறப்படுத்துங்கள். பிரிட்டனில் 2020இல் 300 பவுண்டுக்கு மேல் விற்ற ஒரு 5ஜி தடுப்புக் கருவியைப் பிரித்துப் பார்த்த வல்லுநர்கள், அது 128 எம்.பி. கொள்ளளவுள்ள சாதாரண யு.எஸ்.பி. நினைவகம் என்று கண்டார்கள். நம் நாட்டிலும் அதே ஆண்டு அக்டோபரில், பசுப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான ராஷ்ட்ரிய காமதேனு ஆயோகின் தலைவர் பசுஞ்சாணத்தில் செய்த சில்லு ஒன்றை வெளியிட்டு, அது செல்போன் கதிர்வீச்சைக் குறைக்கும் என்றார். நூற்றுக்கணக்கான அறிவியலாளர்கள் அதற்கான ஆதாரத்தைக் கேட்டுக் கடிதம் எழுதினார்கள்.

எச்சரிக்கையாக இருக்க விரும்புகிறவர்களுக்குச் செலவில்லாத வழிகள் இருக்கின்றன. செல்போனில் *#07# என்று அழுத்தினால், பெரும்பாலானவற்றில் எஸ்.ஏ.ஆர். அளவு, அதாவது உடல் திசு உட்கவரும் அலை ஆற்றலின் அளவு, தெரியும்; இந்தியாவில் அது ஒரு கிராம் திசுவுக்குச் சராசரியாகக் கணக்கிட்டு, கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக் கூடாது. நீண்ட நேரம் பேச வேண்டியிருந்தால், கம்பியுள்ள இயர்போனையோ ஒலிபெருக்கியையோ பயன்படுத்துங்கள். உடலிலிருந்து ஓரிரு அடி விலகினாலே படும் ஆற்றல் பல மடங்கு குறைந்துவிடும். மின்தூக்கியிலும் ஓடும் பேருந்திலும் சிக்னல் ஒற்றைக் கோடாக இருக்கும்போது பேச்சைத் தள்ளிப்போடுங்கள், அப்போதுதான் செல்போன் தன் முழு ஆற்றலையும் பயன்படுத்துகிறது. வீட்டருகே உள்ள கோபுரத்தைப் பற்றிக் கவலை இருந்தால், தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் இணையதளத்தில் அந்தக் கோபுரம் விதிகளுக்கு உட்பட்டதா என்று பார்க்கலாம். கட்டணம் செலுத்தி அளவீடு செய்யக் கோரவும் அதில் இடமுண்டு.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், ஸ்டிக்கரை எறிந்தாலும் அட்டைப்பெட்டியையும் ரசீதையும் எறிய வேண்டாம். பெட்டியில் உள்ள வாசகம்தான் சான்று. நோய் தீர்ப்பதாகச் சொல்லும் தாயத்து, கவசம் போன்றவற்றின் விளம்பரங்களை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. அதன் அட்டவணையில் தைராய்டு வீக்கமான முன்கழுத்துக் கழலையும் உண்டு. தவறான விளம்பரங்களுக்கு எதிராக 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அபராதம் விதிக்கவும் வழியிருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தமிழிலேயே பேசிப் புகாரைப் பதிவு செய்யலாம். பெட்டியின் நான்கு பக்கங்களையும் படமெடுத்து வைத்துக்கொண்டு பேசுவது நல்லது.