'அல்லது' கணக்கு: கூட்டிக் கழிப்பதா, எண்ணுவதா, 1-இலிருந்து கழிப்பதா?

நிகழ்தகவில் 'இதுவோ அதுவோ' என்று கேள்வி வந்தால், பத்தாம் வகுப்பு தாண்டிய யாருக்கும் கை தானாகக் கூட்டல் தேற்றத்தை எழுதும்: இரண்டையும் கூட்டு, பொதுவானதைக் கழி. தேற்றத்தில் குறையில்லை. ஆனால் எல்லாக் கணக்குக்கும் அதையே பிடித்துத் தொங்குவது வீண் வேலை.

சிவப்புப் பகடை ஒன்று, வெள்ளைப் பகடை ஒன்று. உருட்டினால் ஒன்றிலாவது 6 விழ வேண்டும். தேற்றப்படி 6/36 + 6/36 − 1/36 = 11/36. இரண்டே வரி. ஆனால் அந்த 1/36-ஐ ஏன் கழித்தாய் என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள்.

கூறுவெளியை, அதாவது விழக்கூடிய எல்லா விளைவுகளையும், ஆறுக்கு ஆறாகக் கட்டம் போட்டு எண்ணினால் அந்தச் சந்தேகமே வராது. சிவப்பு 6 ஒரு நிரை, வெள்ளை 6 ஒரு நிரல். இரண்டும் (6,6) என்ற மூலைக் கட்டத்தில் மோதுகின்றன. அதை இரண்டு தடவை எண்ணக்கூடாது, ஆக 11 கட்டம். புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. சீட்டுக்கட்டின் 52-ஐயும் இப்படி எழுத உட்கார்ந்தால் பொழுது போய்விடும், அது வேறு விஷயம். வட்டங்களை ஒன்றின்மேல் ஒன்று படும்படி வரையும் வெண்படமோ (Venn diagram), 'இதில் மட்டும்' என்று கேள்வி கேட்கும்போதுதான் உண்மையில் கைகொடுக்கும்.

மூன்றாவது வழி நிரப்பு நிகழ்ச்சி: கேட்டது நடக்காமல் போவதைக் கணக்கிட்டு 1-இலிருந்து கழிப்பது. 6 விழவே விழாத கட்டங்கள் 5 × 5 = 25; 1 − 25/36, அதே 11/36. இரண்டு பகடைக்கு இதில் பெரிய லாபமில்லை. உருட்டல்கள் கூடும்போதுதான் இதன் அருமை தெரியும். ஒரு பகடையை நான்கு தடவை உருட்டி ஒரு தடவையாவது 6 விழ வேண்டும் என்றால், வெறுமனே நான்கு 1/6-ஐக் கூட்டினால் 2/3 வரும்; அது தப்பு. ஆறு தடவைக்கு அப்படிக் கூட்டினால் 1, அதாவது 6 விழுந்தே தீரும் என்று ஆகிவிடும்! தேற்றத்தை நான்கு நிகழ்ச்சிக்கு நீட்டினால் 15 உறுப்புகளைக் கூட்டிக் கழிக்க வேண்டும். நிரப்பு வழியில் ஒரே வரி: 1 − (5/6)⁴ = 671/1296. 1654-இல் கணித மேதை பாஸ்கல் இன்னொரு கணித மேதையான ஃபெர்மாவுக்கு எழுதிய கடிதத்திலும், விழுவதற்கும் விழாததற்குமான இந்த 671-க்கு 625 என்ற விகிதம் இருக்கிறது.

'குறைந்தது ஒன்று' என்று பார்த்தால் நான் யோசிக்காமல் நிரப்புக்குப் போய்விடுவேன். ஆனால் இப்படிப் பெருக்குவது நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று சாராதபோது மட்டுமே செல்லும். சிவப்பில் 6, அல்லது கூட்டுத்தொகை 10-க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாக இரண்டுக்கும் 6/36-தான். ஆனால் பொதுவானது பெருக்கி வரும் 1/36 அல்ல. (6,4), (6,5), (6,6) என 3/36. விடை 9/36. இங்கே கட்டம் போட்டவர் தப்பித்தார். பெருக்கியவருக்கு மறுபடியும் 11/36 வரும், முந்தைய கணக்கின் விடை போலவே இருப்பதால் சந்தேகமும் வராது.