வண்டியில்லாத் தீவுக்கு ஒரு பகல்: குட்டி விமானமா, பாம்பன் ரயிலா?

மதுரையில் காலையில் கிளம்பி, கார் ஓடாத ஒரு தீவில் இறங்கி நடந்துவிட்டு, ராத்திரி வீட்டுக்கு வந்து படுக்க முடியுமா? முடியும். எதில் போவது என்பதில்தான் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. மாமாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு டெட்ராய்ட்டில் இருந்து வரப்போகும் மச்சான் விமானக் கட்சி. "ஒரு சின்ன பிளேனைப் பிடிச்சா ஒரே நாள்ல போயிட்டு வந்துரலாம் மாப்ளே" என்பது அவர் வாதம். நான் ரயில் கட்சி: பாம்பன் வரைக்கும் ரயில், அப்புறம் படகில் குருசடைத் தீவு. ஆனால் அவர் சும்மா சொல்லவில்லை. அங்கே அப்படிப் போய் வந்தவர். அதனால் அவர் பக்கத்து நியாயத்தில் இருந்தே தொடங்குகிறேன்.

அவர் போனது மெக்கினா தீவு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஹூரான் ஏரிக்குள் இருக்கிறது. பரப்பு பத்து சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 1898-இல், மோட்டார் வண்டி என்பதே புதுசாக இருந்த காலத்தில், குதிரைகள் மிரளுகின்றன என்று சொல்லி அந்த ஊர்க்காரர்கள் கார்களைத் தடுத்துவிட்டார்கள். நூற்றுச் சொச்சம் வருஷம் கழித்தும் தடை அப்படியே இருக்கிறது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி மாதிரி அவசர வண்டிகளுக்கு விலக்கு உண்டு. குளிர்காலத்தில் பனிமேல் ஓட்டும் ஸ்னோமொபைலையும் விடுகிறார்கள். மற்றபடி குதிரை வண்டி, சைக்கிள், நடை. தீவைச் சுற்றிக் கரையோரமாக ஏறக்குறைய 13 கிலோமீட்டருக்கு ஒரு சாலை. எம்-185 என்று எண் போட்ட முறையான மாநில நெடுஞ்சாலை அது, ஆனால் அதில் மோட்டார் வண்டி போகக்கூடாது. கோடையில் ஐந்நூறு குதிரைக்கு மேல் அங்கே வேலை செய்கின்றன. குளிர் தொடங்கியதும் பெரும்பாலானவற்றைப் படகில் ஏற்றிக் கரைக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

டெட்ராய்ட்டில் இருந்து அந்தத் தீவுக்குப் போக இரண்டு வழி. காரில் போனால் மெக்கினா சிட்டி என்ற கரையூர் வரைக்கும் நாலு, நாலரை மணி நேரம், அப்புறம் இருபது நிமிஷப் படகு. ஒரே நாளில் போய்த் திரும்பினால் ஒன்பது பத்து மணி நேரம் பயணத்திலேயே போய்விடும். குட்டி விமானத்தில் ஆகாய வழியாக நானூறு கிலோமீட்டர் சொச்சம்தான். செஸ்னா 172 என்ற நாலு சீட் விமானம் மணிக்குச் சுமார் 220 கிலோமீட்டர் வேகத்தில் போகும். இரண்டு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். அதைவிட முக்கியம், ஓடுபாதை தீவின் மேட்டுப்பகுதியிலேயே இருக்கிறது. நீளம் ஆயிரம் மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், சின்ன விமானத்துக்குத் தாராளம். இறங்கிக் கதவைத் திறந்தால் கார் இல்லாத ஊருக்குள் நிற்கிறீர்கள். ஊருக்குள் நடந்தே போய்விடலாம், முடியாவிட்டால் குதிரை டாக்சியைக் கூப்பிடலாம்.

செலவும் நினைக்கிற அளவுக்கு இல்லை. மச்சானின் நண்பர் ஒருவர் பிரைவேட் பைலட் லைசென்ஸ் வைத்திருக்கிறார். அந்த நாட்டு விதிப்படி அவர் சம்பளம் வாங்கி ஆள் ஏற்றக்கூடாது. ஆனால் பெட்ரோல், விமான வாடகை, இறங்கும் கட்டணம் ஆகியவற்றைக் கூட வருபவர்களோடு சரிபங்காகப் பிரித்துக்கொள்ளலாம். பொதுமக்கள் பயன்படுத்தும் விமானத்தளங்கள் அந்த நாட்டில் ஏறக்குறைய 5,000 இருக்கின்றன. நம் ஊர் ஆட்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவிலுக்கு வண்டியை எடுப்பதுபோல அங்கே சிலர் விமானத்தை எடுக்கிறார்கள்.

கஷ்டங்களும் உண்டு. நாலு சீட் இருப்பதால் நாலு பேர் ஏறிவிட முடியாது. டேங்கை நிரப்பினால் பெரியவர்கள் மூன்று பேர், கைப்பை, அவ்வளவுதான். கிளம்புமுன் ஒவ்வொருவர் எடையையும் கேட்டு எழுதிக் கூட்டிப் பார்ப்பார்கள். அங்கே நாணி எடையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. தீவில் எரிபொருள் கிடைக்காது, திரும்புவதற்கும் சேர்த்து முன்னாலேயே கணக்குப் போட வேண்டும். ஒற்றை இன்ஜின் விமானம் என்பதால் கரைக்கும் தீவுக்கும் நடுவில் இருக்கும் ஜலசந்தியைக் கடக்குமுன் உயரம் ஏறிவிடுவார்கள். நடுவில் இன்ஜின் நின்றால் வழுக்கிக்கொண்டே கரையைத் தொடுகிற உயரம் வேண்டும், கீழே இருப்பது உடம்பை விறைக்க வைக்கும் தண்ணீர். ஏரிமேல் மூடுபனி இறங்கினால் பைலட் "இன்று வேண்டாம்" என்று சொல்வார். அவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தாலும் அந்தத் தீவுக்கு விமானம்தான் ஜெயிக்கிறது. பைலட் நண்பர் இருந்து, வானம் தெளிவாக இருந்தால், காரையும் படகையும் யோசிக்கவே வேண்டாம். மதுரையில் இருந்து டெட்ராய்ட், சிகாகோ பக்கம் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிற பெற்றோர் நிறையப் பேர் இருக்கிறார்கள். கோடையில் போகிறவர்கள் அந்தத் தீவை விட்டுவிடாதீர்கள்.

இப்போது அதே யோசனையை அவனியாபுரத்துக்குத் தெற்கே, நம் விமான நிலையத்தில் கொண்டுவந்து வைத்துப் பார்ப்போம்.

முதல் கேள்வி, எங்கே இறங்குவது? ராமேஸ்வரத்தில் விமான நிலையம் இல்லை. கட்டப்போவதாக 2025 மாநில பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது, அவ்வளவுதான். உச்சிப்புளியில் இருக்கும் ஐஎன்எஸ் பருந்து கடற்படைத் தளம், உல்லாசப் பயணத்துக்குப் போகிறவர்கள் இறங்குகிற இடம் இல்லை. அதனால் மன்னார் வளைகுடாத் தீவுகளுக்கு விமானம் என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது.

மிச்சம் லட்சத்தீவு. அங்கே அகத்தியில் ஓடுபாதை இருக்கிறது, 1988 முதல். ஏடிஆர் மாதிரி விசிறி விமானங்கள் இறங்குகின்றன. மதுரையில் இருந்து நேர்கோட்டில் சுமார் 650 கிலோமீட்டர். கிங் ஏர் மாதிரி இரட்டை இன்ஜின் விமானத்தில் ஒன்றரை மணி நேரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் நாட்டில் தனியார் பெயரில் பதிவான விமானத்தை வாடகைக்கு விடக்கூடாது, அதற்கென்று பெர்மிட் உள்ள கம்பெனியிடம்தான் போகவேண்டும். அந்தக் கம்பெனிகளின் விமானங்கள் சென்னை, பெங்களூர், மும்பை மாதிரி ஊர்களில் நிற்கும். மதுரைக்குக் காலியாக வருகிற நேரத்துக்கும், நம்மை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிற நேரத்துக்கும் சேர்த்துத்தான் பில். மணிக்கு லட்ச ரூபாயைத் தாண்டுகிற வாடகையில் ஐந்து மணி நேரம் போட்டு, மேலே ஜிஎஸ்டியும் சேர்த்தால் ஆறேழு லட்சம் என்று என் கணக்கு சொல்கிறது. ஏழு பேர் பிரித்துக்கொண்டாலும் தலைக்கு லட்ச ரூபாய்.

பணம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். லட்சத்தீவுக்குள் நுழைய பெர்மிட் வேண்டும், முந்தின நாள் நினைத்து மறுநாள் கிளம்ப முடியாது. அப்புறம், அகத்தி ஒன்றும் வண்டியில்லாத் தீவு கிடையாது. பைக், ஆட்டோ எல்லாம் ஓடும் ஊர் அது. வண்டியே இல்லாத இடம் வேண்டுமென்றால் அங்கிருந்து படகு பிடித்து பங்காரம் போகவேண்டும். தங்கும் விடுதியும் தென்னையும் வெள்ளை மணலும்தான் அங்கே. போய்ப் பார்க்கவேண்டிய இடம், மறுக்கவில்லை. ஆனால் காலை ஏழுக்கு மதுரையில் கிளம்பி, அகத்தியில் இறங்கி, பெர்மிட்டைக் காட்டி, படகேறி, பங்காரம் மணலில் கால் வைக்கப் பத்தரை ஆகிவிடும். இருட்டுமுன் அகத்தியில் இருந்து எழும்ப வேண்டுமென்றால் மூன்று மணிக்கெல்லாம் திரும்பவும் படகு. நாலரை மணி நேரத்துக்கு ஏழு லட்சமா? பங்காரம் போகிறவர்கள் கொச்சியில் இருந்து சாதாரண டிக்கெட்டில் போய் இரண்டு மூன்று நாள் தங்கிவிட்டு வருவதே சரி. ஒரு பகல் பயணத்துக்கு அது பொருந்தாது.

கச்சத்தீவு? அங்கே வண்டி மட்டுமல்ல, குடியிருப்பும் இல்லை. ஆனால் அந்தோணியார் திருவிழாவுக்குத்தான் நம்மை விடுவார்கள், அதுவும் முன்பதிவு செய்து விசைப்படகில். நினைத்த நாளில் போகிற இடம் இல்லை.

ஆகவே குருசடை. மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவில் 21 தீவுகள், தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் நடுவில் வரிசையாக இருப்பவை. பாம்பன் முனையை ஒட்டி இருக்கிற குருசடைக்கு, குந்துகால் துறையில் இருந்து வனத்துறை படகு விடுகிறது. 1897 ஜனவரி 26-இல் மேலைநாட்டில் இருந்து திரும்பிய விவேகானந்தர் கரையேறிய அதே குந்துகால்தான். மதுரைக் கல்லூரிகளில் விலங்கியல் படித்தவர்களுக்குக் குருசடை என்ற பேர் பாடத்திலேயே வந்திருக்கும். முதுகெலும்புள்ள உயிர்களுக்கு உறவு என்று சொல்லித்தரும் பலனோகிளாசஸ் என்ற மண்புழு மாதிரி உயிர் அந்தக் கடற்கரை மணலில்தான் பேர்போனது.

போகிற வழியே பாதிப் பயணம். மதுரையில் காலை பாசஞ்சரில் ஏறினால் திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் என்று வைகை கூடவே கொஞ்சதூரம் வரும். டிக்கெட் ஒரு ஓட்டல் சாப்பாட்டுக் காசுகூட ஆகாது. ராமநாதபுரம் தாண்டினால் பனையும் உடைமரமும், மண்டபத்தில் கடல் வாசனை. அப்புறம் பாலம். 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதுப் பாலத்துக்கு இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் நீளம். நடுவில் 72.5 மீட்டர் துண்டு, கப்பல் வந்தால் செங்குத்தாக 17 மீட்டர் மேலே ஏறும். 1914-இன் பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே கட்டியது இது. ஜன்னலோரம் உட்கார்ந்தால் கீழே தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியாது, தாழப் பறக்கிற விமானத்தில் கிடைப்பதைவிட நெருக்கமான காட்சி. பாம்பனில் நிற்கிற ரயிலா என்று பார்த்து ஏறுங்கள், இல்லாவிட்டால் ராமேஸ்வரம் போய் ஆட்டோவில் திரும்பி வரவேண்டும். காரில் போனால் மூன்று மணி நேரத்தில் குந்துகால் வந்துவிடும், ஆனால் இந்தப் பாலக் காட்சி ரோடு பாலத்தில் இருந்து அரைகுறைதான்.

தீவில் கடை இல்லை, சாலை இல்லை. கரையெல்லாம் வெள்ளையாகச் செத்த பவளத் துண்டுகள். மூளை மடிப்பு மாதிரி ஒன்று, மான்கொம்பு மாதிரி ஒன்று, தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இன்னொன்று. கையில் எடுத்துப் பார்க்கலாம், பைக்குள் போடக்கூடாது, சட்டப்படி குற்றம். வெறுங்காலோடு நடக்காதீர்கள், அறுத்துவிடும். ஆழமில்லாத தண்ணீரில் கடற்புல் அசைவது மேலேயிருந்தே தெரியும். கடல்பசு மேய்கிற புல் அது.

இங்கே அதிகம் பேரை விடாததற்குக் காரணம் இருக்கிறது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வண்டி வண்டியாக வெட்டி எடுத்ததில் இந்த 21-இல் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் தண்ணீருக்குள் போய்விட்டன. மெக்கினாவில் குதிரைக்காக வண்டியைத் தடுத்தார்கள். நம் பக்கத்தில் தீவே மிஞ்சுவதற்காக ஆளையும் அளந்து விடவேண்டியிருக்கிறது. அதை நான் முழு மனசோடு ஆதரிக்கிறேன். ராமேஸ்வரமும் 1988 அக்டோபரில் ரோடு பாலம் திறக்கும்வரை ரயிலிலும் படகிலும் போய்ச் சேரும் ஊராகத்தான் இருந்தது. ஜட்கா வண்டியில் கோயிலுக்குப் போனதைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். இன்று மேலவாசல் பக்கம் நிற்கிற வேன்களைப் பார்த்தால், குருசடைக்குப் பாலம் இல்லாதது எவ்வளவு நல்லது என்று தோன்றும்.

வயதானவர்களை வைத்தும் பார்க்க வேண்டும், மாமாவும் அத்தையும்தானே முக்கிய விருந்தாளிகள். செஸ்னாவில் இறக்கைக்கு அடியில் குனிந்து, கம்பியைப் பிடித்து, சின்னப் படியில் கால் வைத்து ஏறவேண்டும். சேலை கட்டிய முழங்கால் வலிக்காரருக்கு அது லேசில்லை. கிங் ஏரில் படிக்கட்டு இறங்கி வரும், பரவாயில்லை. குந்துகாலில் துறையில் இருந்து ஆடுகிற படகுக்குள் கால் வைப்பதுதான் சிரமம், இரண்டு பக்கமும் ஆள் பிடித்தால் முடிந்துவிடும். ரயிலில் எழுந்து நடக்கலாம், கக்கூஸ் உண்டு. சின்ன விமானத்தில் இரண்டு மணி நேரம் அடக்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

பருவம் மட்டும் ரயில் கட்சிக்கும் எதிரி. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கடல் கொந்தளிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும். பாம்பனில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் படகு கிடையாது. குருசடைக்கு நல்ல காலம் பிப்ரவரி, மார்ச். மச்சானுக்கு லீவு டிசம்பரில்தான் கிடைக்கும் என்கிறார். பொங்கல் கழித்து வரும்படி லீவைத் தள்ளிப் போடச் சொல்லியிருக்கிறேன். மாமாவுக்கு நாள் குறிக்கிற ஜோசியரிடமும் தை கடைசியாகப் பார்க்கச் சொல்லியாகிவிட்டது. நாள் உறுதியானதும் வனத்துறையில் படகு உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் ரயில் டிக்கெட். வரும் மற்றவர்கள் தொப்பி, கட்டுச்சோறு, எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், பவளம் அறுக்காத செருப்பு எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பையைக் குந்துகால் வரைக்கும்கூடக் கொண்டுவர வேண்டாம்.