யன்னலா, விளக்கா, கடைக் கன்றா? ரொறன்ரோவில் கத்தரி, மிளகாய் நாற்று

ரொறன்ரோவில் கத்தரி, மிளகாய் விதையை நேரே நிலத்தில் போட்டுக் காய் பறிக்க முடியாது. உறைபனிப் பயம் விட்டுக் கன்றை வெளியே நடுவது விக்டோரியா தினத்தை ஒட்டித்தான், அதாவது மே 25-க்கு முந்தைய திங்கட்கிழமை வாக்கில். இந்த இரண்டு பயிருக்கும் அதற்கு எட்டு முதல் பத்து வாரம் முன்பே விதை போட்டிருக்க வேண்டும். மார்ச் நடுப்பகுதியைத் தாண்டவிட்டால், நன்றாகக் காய்க்கத் தொடங்கும்போது குளிரும் வந்துவிடும். ஆக, வீட்டுக்குள் அந்த இரண்டு மாதமும் கன்றை எங்கே வைப்பது?

செலவில்லாத வழி யன்னல். தெற்குப் பார்த்ததாக இருந்தாலும் அதை நான் முதல் தெரிவாகச் சொல்ல மாட்டேன். மார்ச்சில் முகில் மூடிய நாட்கள் நிறைய. வருகிற வெளிச்சமும் ஒரு பக்கத்தால்தான் வருகிறது. முளைத்த சில நாளிலேயே தண்டு வெளிறி, நூல் மாதிரி நீண்டு, கண்ணாடிப் பக்கம் சாய்ந்துவிடும். சட்டியைத் திருப்பி வைத்தால் அடுத்த நாள் மறுபடியும் வளைந்து நிற்கும். இரவில் கண்ணாடியோரம் குளிர்வதால் மண்ணும் குளிர்ந்து, மிளகாய் வளராமல் அப்படியே நிற்கும். நீண்டுபோன தக்காளியையாவது கழுத்தளவு புதைத்து நடலாம், தண்டிலேயே வேர் விடும். கத்தரியையும் மிளகாயையும் அப்படிக் காப்பாற்றுவது கடினம்.

அடுத்தது, செடிக்கென்றே விற்கும் ஊதா நிற எல்.ஈ.டி. விளக்கு. இலை சிவப்பையும் நீலத்தையும் அதிகம் உறிஞ்சும் என்பது சரிதான், கன்றும் வளரும். ஆனால் அந்த ஊதா வெளிச்சத்தில் பச்சை இலை கறுப்பாகத் தெரியும். இலை மஞ்சளாகிறதா, அடியில் அசுவினிப் பூச்சி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் விளக்கை அணைக்க வேண்டும். பெட்டியில் ஆயிரம் வாட் என்று போட்டிருந்தாலும் நம்பி வாங்காதீர்கள். உண்மையில் எத்தனை வாட் மின்சாரம் இழுக்கிறது என்று சிறிய எழுத்தில் இருப்பதைத் தேடிப் பாருங்கள்.

என் வாக்கு, கராஜில் மாட்டுகிற நாலடி வெள்ளை எல்.ஈ.டி. விளக்குக்கு. வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் அளவு 5000 முதல் 6500 வரை இருந்தால் போதும். அந்த வெள்ளையிலேயே நாற்றுக்கு வேண்டிய நீலமும் சிவப்பும் இருக்கின்றன. சங்கிலியில் தொங்கவிட்டு, இலைக்கு மேல் நாலைந்து அங்குலத்தில் நிறுத்தி, கன்று வளர வளர உயர்த்துங்கள். பலர் தவறவிடுவது இந்த இடைவெளியைத்தான்: ஓரடிக்கு மேலே தூக்கிவிட்டால் வெளிச்சம் வெகுவாகக் குறைந்து, யன்னல் கன்று மாதிரியே நீண்டுவிடும். சரியான உயரத்தில் நின்ற கத்தரிக் கன்றைப் பார்த்தாலே தெரியும். கட்டையாக, தண்டில் லேசான ஊதா ஓடி, இலை தடித்து நிற்கும்.

செலவும் பெரிதில்லை. 40 வாட் விளக்கை நாளுக்கு 14 மணி நேரம் எரித்தால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 34 யூனிட். நேரத்துக்கு நேரம் கட்டணம் மாறும் திட்டத்தில் இருப்பவர்கள் மாலை 7 மணிக்குப் போட்டுக் காலை 9 மணிக்கு அணைக்கும்படி டைமரில் வைக்கலாம்; அதில் 12 மணி நேரம் மலிவு நேரத்திலேயே வந்துவிடும். பக்கத்தில் ஒரு சின்ன மின்விசிறி மெல்ல ஓடட்டும். தண்டு உறுதிப்படும், பேஸ்மென்ட் ஈரத்தில் வருகிற நாற்றழுகலும் குறையும்.

கடைக் கன்றை ஒதுக்கிவிட முடியாது. தக்காளிக்கும் குடைமிளகாய்க்கும் மே மாதத்தில் நர்சரிக்குப் போவதே புத்திசாலித்தனம். ஊரிலிருந்து வந்த கத்தரி விதையோ, வீட்டில் எடுத்து வைத்த மிளகாய் விதையோ என்றால் அந்த இனம் நர்சரியில் கிடைக்காது, நாமே போட்டால்தான் உண்டு. பாகலுக்கும் புடோலுக்கும் இவ்வளவு பாடு வேண்டாம். அவற்றின் வேரைக் கலைத்தால் பிடிக்காது. ஏப்ரல் கடைசியில் பெரிய கப்பில் போட்டால் மூன்று நாலு வாரத்தில் தயார்.

விளக்குக் கன்றைத்தான் வெயிலுக்குப் பழக்க வேண்டும், யன்னல் கன்றுக்குத் தேவையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரில் ஒரு பெரும் பங்கைக் கண்ணாடி மறித்துவிடுகிறது. நேரே வெயிலில் வைத்தால் இரண்டுமே இலை வெளுத்துக் கருகும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெயில், இப்படி ஒரு வாரம் பத்து நாள். இரவு 10 பாகைக்குக் கீழே போனால் உள்ளே எடுத்துவிடுங்கள்.

அப்பார்ட்மென்டில் இருப்பவர்களுக்கு நாலடி விளக்கு மாட்ட இடமிருக்காது. புத்தக அலுமாரியின் ஒரு தட்டில் இரண்டடி விளக்கைக் கட்டினாலும் பால்கனிக்குத் தேவையான ஆறேழு கன்று தாராளமாக வரும். முளைக்கும் வரை வெளிச்சம் வேண்டியதில்லை, 25 பாகைக்கு மேல் சூடுதான் வேண்டும். அதனால் முதலில் ஹீட்டர் பக்கம் வைத்து, முளை தலை காட்டிய அன்றே விளக்குக்குக் கீழே மாற்றுங்கள்.