ஒருமுறை ஸ்கோப்பா, பழைய ஸ்கோப்பா: கீழ்க்கல் வரும்போது தெரியும்

சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றின் அறுவை அறையில் தாதியாக இருக்கிறேன். சிறுநீர்க்குழாய் வழியாகச் சிறுநீரகத்துக்குள் போய்க் கல்லைக் காட்டும் கேமராக் குழாய்தான் ஸ்கோப்; அதில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் வளையும் வகை எங்களிடம் வந்து சில வருஷம் ஆகிவிட்டது. கழுவிக் கழுவிப் பயன்படுத்தும் டிஜிட்டல் ஸ்கோப்பும், அதாவது நான் பழைய ஸ்கோப் என்று சொல்வதும், கூடவே ஓடுகிறது, அதனால் இரண்டையும் ஒரே மேசையில் பார்த்தவளாக எழுதுகிறேன்.

கையில் பிடித்ததும் தெரிவது எடைதான். லைட் கேபிள், கேமரா என்று தனித்தனியாகத் தொங்காமல் ஒரே வயர், கேஸ் இழுத்துக்கொண்டே போகும் நாளில் டாக்டரின் மணிக்கட்டைக் கேட்டால் சொல்லும். வளைவிலும் குறையில்லை. 2016இல் சந்தைக்கு வந்த லித்தோவியூ என்ற ஒருமுறை ஸ்கோப் இரண்டு பக்கமும் 270 டிகிரி வளையும், கருவியும் தண்ணீரும் போகும் உள்வழி 3.6 பிரெஞ்ச், அதாவது 1.2 மில்லிமீட்டர், பழைய ஸ்கோப்பிலும் அதே அளவுதான். இப்போது 7.5 பிரெஞ்ச் தடிமனிலும் கிடைப்பதால் சிறுநீர்க்குழாய் ஒடுங்கியவர்களுக்கு நல்லது.

படம்தான் சுமார். கொஞ்சம் ரத்தம் கசிந்தாலே திரை முழுக்கச் சிவந்துவிடும், நல்ல நிலையில் இருக்கும் பழைய ஸ்கோப் அந்த இடத்தில் இன்னும் தெளிவாகக் காட்டும். நாங்கள் சோதித்த ஒரு மாடலில் கல்லை உடைக்க லேசர் சுடும்போதெல்லாம் திரையில் கோடு ஓடியது; கம்பெனி ஆள் வந்து வயரைக் குறை சொன்னார், வயரை மாற்றியும் அதே கதை. அதை வாங்கவில்லை.

சரி, பிறகு எதற்கு இது? பழைய ஸ்கோப் உடைவதே பெரும்பாலும் சிறுநீரகத்தின் கீழ் அறையில் இருக்கும் கல்லிடம்தான். நுனியை முழுக்க மடக்கி வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும், அந்த மடக்கிலேயே யாராவது லேசரைக் கொண்டுபோகும் மெல்லிய ஃபைபரைத் தள்ளினால் உள்வழியின் சுவர் கிழியும், ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் லீக் டெஸ்டில் குமிழி வரும், ஸ்கோப் ரிப்பேருக்குப் போகும், அது திரும்பும்வரை ஆபரேஷன் லிஸ்ட்டை வைத்துக்கொண்டு நாங்கள் முழிக்க வேண்டும். கீழ்க்கல், பெரிய கல், மருந்துக்கு அடங்காத கிருமி இருக்கும் நோயாளி என்றால் நான் யோசிக்காமல் புதுப் பெட்டியை எடுத்து வைப்பேன். கிருமி விஷயம் சும்மா பயமுறுத்தல் இல்லை. கழுவிப் பயன்படுத்தும் சிறுநீர்ப் பாதை ஸ்கோப்புகளோடு தொடர்புடைய தொற்று, அல்லது ஸ்கோப் சரியாகச் சுத்தமாகாதது பற்றி 450க்கும் மேற்பட்ட புகார்கள் வந்ததாக, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அமெரிக்க எஃப்டிஏ 2021 ஏப்ரலில் எச்சரித்தது.

கட்டுமான வேலை செய்யும் நம்ம ஊர் அண்ணன் ஒருவர், "சிஸ்டர், இது வேற ஆளுக்குப் போட்டது இல்லையே?" என்று கேட்டார். "பழசா இருந்தாலும் கிருமி நீக்கித்தான்ணே வரும்" என்றேன். அவர் முகத்தில் நம்பிக்கை வரவில்லை.

எல்லாக் கேஸுக்கும் இதையே எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ரிப்பேர் செலவு மருத்துவமனைக் கணக்கில் மறைந்துவிடும், தூக்கிப்போடும் ஸ்கோப் நோயாளி பில்லிலேயே ஏறும். குப்பையும் இருக்கிறது: இங்கே எரித்து மிஞ்சும் சாம்பல் போகும் செமக்காவ் தீவு 2035வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள், இதில் ஒவ்வொரு சின்னக் கல்லுக்கும் ஒரு கேமராவை எரிப்பதா?

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. டெமோவில் காற்றில் வளைத்துக் காட்டுவதைப் பார்த்து ஆர்டர் போடாதீர்கள். நுனியை நேராக வைத்து 200 மைக்ரான் ஃபைபரை உள்ளே விட்டு, தண்ணீரைத் திறந்து, அப்புறம் மடக்கச் சொல்லுங்கள். அடுத்து ஃபைபரை எடுத்துவிட்டு, கல்லைப் பிடித்து இழுக்கும் கம்பிக்கூடையான பாஸ்கெட்டை விட்டு, தண்ணீர் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள்.