கேம்பருக்குப் பிரேக் கன்ட்ரோலர் வாங்கப் போகிறீர்களா? ஒன்றைச் சொல்லி இன்னொன்றைத் தலையில் கட்டுகிறார்கள்

கேம்பரை (உள்ளே தங்கும் வசதியுள்ள ட்ரெய்லரை) வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கிறவர்கள், இனிமேல் இழுக்கப் போகிறவர்கள் எல்லோரும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ப்ரொபோர்ஷனல் கன்ட்ரோலர் என்று சொல்லி, அதற்கான விலையையும் வாங்கிக்கொண்டு, டைம் டிலே கன்ட்ரோலரை என் வண்டியில் பொருத்தி அனுப்பிவிட்டார்கள். பொருத்திய வேலையும் படு மோசம். நீளமான ஒரு மலை இறக்கத்தில் கேம்பர் பின்னாலிருந்து நெட்டித் தள்ளியபோதுதான் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. வண்டிக்குள் பிள்ளைகள் இருந்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

இந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எலெக்ட்ரிக் பிரேக் உள்ள கேம்பரில் ஒவ்வொரு சக்கர டிரம்முக்குள்ளும் ஒரு மின்காந்தம் இருக்கும். கரன்ட் போனதும் அது சுற்றுகிற டிரம்மோடு ஒட்டி இழுபட்டு, ஒரு நெம்புகோலைத் தள்ளி, பிரேக் ஷூவை விரிக்கும். எவ்வளவு கரன்ட் அனுப்புவது என்று முடிவு செய்கிற பெட்டிதான் கன்ட்ரோலர். ப்ரொபோர்ஷனல் வகையில் உள்ளே ஒரு சென்சார் இருக்கிறது. வண்டி எவ்வளவு வேகமாக நிற்கிறது என்பதை உணர்ந்து அதற்கு ஏற்ற அளவில் கரன்ட் அனுப்பும். மெதுவாக மிதித்தால் மெதுவாக, அழுத்தி மிதித்தால் பலமாக. டைம் டிலே வகைக்கு அதெல்லாம் தெரியாது. பிரேக் விளக்கு எரிந்ததா, சரி, நீங்கள் செட் செய்து வைத்த அளவு வரைக்கும் படிப்படியாக ஏற்றும், அவ்வளவுதான். சிக்னலில் லேசாகத் தொட்டாலும் அதே பலம், எதிரில் மாடு குறுக்கே வந்து முழுசாக மிதித்தாலும் அதே பலம், அதுவும் கொஞ்சம் தாமதமாக.

டைம் டிலே என்பதே மோசமான பொருள் என்று நான் சொல்லவில்லை. சமதளத்தில் சின்ன ட்ரெய்லரை எப்போதாவது இழுக்கிறவருக்கு அது போதும், விலையும் குறைவு. இரண்டு ஆக்சில் கேம்பரை மலைப்பாதையில் கொண்டுபோகிறேன் என்று தெளிவாகச் சொன்னவனுக்கு அதைப் பெயர் மாற்றி விற்றதுதான் அயோக்கியத்தனம்.

கடையில் பேசியவர் நன்றாகத்தான் பேசினார். "சார், இது ஆட்டோமேட்டிக், உங்க மிதிக்கு ஏத்த மாதிரி அதுவே பிடிக்கும்" என்றார். பெட்டியைத் தூரத்தில் வைத்துக் காட்டினார், கையில் தரவில்லை. வேலை முடிந்ததும் கையேடு கேட்டதற்கு, "அது எதுக்கு சார், எல்லாம் செட் பண்ணியாச்சு" என்று பதில். பில்லில் "பிரேக் கன்ட்ரோலர் 1" என்று மட்டும்தான் எழுதியிருந்தது, கம்பெனி பெயரும் இல்லை, மாடல் எண்ணும் இல்லை. டேஷ்போர்டுக்கு அடியில், ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம், முழங்கால் இடிக்கிற இடத்தில் சாய்வாகத் திருகியிருந்தார்கள். எந்தக் கோணத்தில் வைத்தாலும் வேலை செய்யும் என்றார்கள். பல ப்ரொபோர்ஷனல் மாடல்களை வண்டி போகும் திசையைப் பார்த்து, கையேடு சொல்லும் கோணத்துக்குள்தான் பொருத்த வேண்டும்; எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம் என்பது பெரும்பாலும் டைம் டிலேவின் குணம்.

முதலில் தெரிந்த அறிகுறி, ஊருக்குள் மெதுவாகப் போகும்போது ஒவ்வொரு முறை பிரேக் தொட்டாலும் பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி ஒரு வெட்டு. போன் செய்தால் கெய்னை, அதாவது நாம் செட் செய்து வைக்கிற அந்தப் பல அளவை, குறையுங்கள் என்றார்கள். குறைத்தேன். அதற்கப்புறம்தான் அந்த இறக்கம். குறைத்த கெய்னில் கேம்பர் பிரேக் பிடிக்கவே இல்லை, மொத்த எடையையும் வண்டியின் பிரேக்கே தாங்கியது, கருகிய வாடை உள்ளே வந்தது. கையால் அழுத்துகிற லீவர் இருக்கிறதே, கேம்பர் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்க, அதை எட்டக் குனிந்தால் கண் சாலையை விட்டுப் போகிறது. கேம்பர் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தால் அதை நேராக்க உதவுவது அந்த லீவர்தான், குனியாமல் கைக்கு எட்டுகிற இடத்தில் அது இருந்தே ஆக வேண்டும். எப்படியோ கியரைக் குறைத்துக் கீழே வந்து சேர்ந்தோம்.

வந்ததும் அந்தப் பெட்டியைக் கழற்றித் திருப்பினேன். அடியில் ஸ்டிக்கரில் மாடல் எண் இருந்தது. அதை வைத்துக் கையேட்டைத் தேடி எடுத்தால் முதல் பக்கத்திலேயே டைம் டிலே என்று போட்டிருக்கிறது. பக்கவாட்டில் இருந்த சின்னத் திருகு எதற்கு என்று அதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எவ்வளவு சீக்கிரம் பலம் ஏற வேண்டும் என்று வைக்கிற 'சிங்க்' திருகாம் அது. அந்தத் திருகு இருந்தால் பெரும்பாலும் டைம் டிலேதான்.

எண் தெரியாவிட்டாலும் நீங்களே பார்த்துவிடலாம். கேம்பரை மாட்டி, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, அசையாமல் பிரேக்கை மிதித்துப் பிடித்தபடி டிஸ்ப்ளேவைப் பாருங்கள். எண் தானாக ஏறி நீங்கள் செட் செய்த அளவில் போய் நின்றால் அது டைம் டிலே. ப்ரொபோர்ஷனல் என்றால் வண்டி ஓடவில்லை, வேகம் குறையவில்லை, அதனால் பெரிதாக ஏறாது; பூஸ்ட் (மிதித்ததுமே கொஞ்சம் கூடுதல் பலம் கொடுக்கிற அமைப்பு) வைத்திருந்தால் கொஞ்சம் காட்டும்.

இதோடு முடியவில்லை. பழக்கமான வயதான எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் வண்டியைக் காட்டினேன். அவர் பெட்டியைப் பார்க்கவே இல்லை. "தம்பி, மொதல்ல ஆம்பியர் பார்ப்போம்" என்று நீல வயரில் கிளாம்ப் மீட்டரை மாட்டினார். (டிசி கரன்ட் அளக்கிற மீட்டராக இருக்க வேண்டும், எல்லாக் கிளாம்பும் அளக்காது.) பெரும்பாலான கன்ட்ரோலர்களில் கறுப்பு பேட்டரிக்கு, வெள்ளை எர்த்துக்கு, சிவப்பு பிரேக் விளக்கு சுவிட்சுக்கு, நீலம் கேம்பர் பிரேக்குக்கு. ஒரு மேக்னெட் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும், நான்கு சக்கரத்துக்கு 12 பக்கம் வர வேண்டும். கெய்னை முழுசாக வைத்து லீவரை அழுத்தினால் 7 கூட வரவில்லை. வயரைப் பிடித்துக்கொண்டே போய், வண்டியின் தரை விரிப்புக்கு அடியில் இருந்த ஓர் இணைப்பை உருவினார். இரண்டு வயரை வெறும் கையால் முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றியிருக்கிறது. டேப் உருகிப் பிசுபிசுவென்று கையில் ஒட்டியது, உள்ளே செம்பு கறுத்துப்போயிருந்தது. வயரும் விளக்குக்குப் போடுகிற மெல்லிசு வயர். பேட்டரியிலிருந்து வரும் கறுப்பு வயரில் சர்க்கிட் பிரேக்கரே கிடையாது. ஒன்றிரண்டு ஆக்சிலுக்கு அங்கே 20 ஆம்பியர் பிரேக்கர் ஒன்று போடுவது வழக்கம். அது இல்லாமல் எங்காவது வயர் உரசி ஷார்ட் ஆகியிருந்தால் வண்டி தீப்பிடித்திருக்கும்.

கடையில் வேலை முடித்ததும் டிஸ்ப்ளேவில் பச்சை விளக்கைக் காட்டித்தான் "பாருங்க சார், எல்லாம் ஓகே" என்று சாவியைக் கொடுத்தார்கள். கேம்பர் மாட்டியிருக்கிறது என்பதைத்தான் அந்த விளக்கு காட்டுகிறது. பிரேக்குக்குப் போதிய கரன்ட் போய்ச் சேர்கிறதா என்று அதற்குத் தெரியாது.

திரும்பப் போய்க் கேட்டதற்குப் பேச்சே மாறிவிட்டது. கேம்பரில் எடை அதிகம் ஏற்றியிருப்பீர்கள் என்றார்கள், எடைச் சீட்டைக் காட்டினேன். ப்ரொபோர்ஷனல் என்று நாங்கள் சொல்லவே இல்லை என்றார்கள், பில்லில் மாடல் எழுதாமல் விட்டது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. கடைசியில், எலெக்ட்ரிக்கல் பொருள், பொருத்தியபின் திரும்ப எடுக்க மாட்டோம்.

நீங்கள் வாங்கும்போது பில்லில் மாடல் எண்ணையும் வகையையும் எழுத வையுங்கள், மறுத்தால் கிளம்பிவிடுங்கள். பெட்டியும் கையேடும் உங்கள் கைக்கு வர வேண்டும். உங்கள் கேம்பரில் டிரம்மா, எலெக்ட்ரிக் ஓவர் ஹைட்ராலிக் டிஸ்க்கா (மின் சிக்னலில் இயங்கும் பம்ப், திரவ அழுத்தத்தால் பிடிக்க வைக்கிற டிஸ்க் பிரேக்) என்று முன்பே பாருங்கள், பல மலிவு மாடல்கள் இரண்டாவதற்கு ஒத்துவராது. பணம் கொடுக்கும் முன் நீல வயரில் ஆம்பியர் அளந்து காட்டச் சொல்லுங்கள். கெய்னைக் கடைக்குள் வெறும் கேம்பரோடு வைப்பதில் அர்த்தமில்லை. சாமான் ஏற்றி, ஆளில்லாத காய்ந்த சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் போல ஓட்டி, லீவரை முழுசாக அழுத்தி, சக்கரம் பூட்டிக்கொள்ளும் நிலைக்குச் சற்றுக் கீழே வைக்க வேண்டும். மழையில் இன்னும் குறைக்க வேண்டும்.

கேம்பர் கழன்றுபோனால் தானே பிரேக் பிடிக்கிற பிரேக்அவே சுவிட்சையும் பார்த்துவிடுங்கள். வண்டியிலிருந்து பிளக்கை உருவிவிட்டு, ஒரு சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, அந்த சுவிட்சில் செருகியிருக்கும் பின்னை (pin) இழுத்தபின் சக்கரம் கையால் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றினால் முதலில் கேம்பர் பேட்டரியைச் சோதியுங்கள். என்னுடையதில் அந்த பேட்டரி காலியாகக் கிடந்தது, கடையில் யாரும் அதைத் தொட்டே பார்க்கவில்லை.

இப்போது புது ப்ரொபோர்ஷனல் கன்ட்ரோலர், தடித்த வயர், பிரேக்கர் எல்லாம் அந்த எலெக்ட்ரீஷியனே போட்டுத் தந்துவிட்டார், மீட்டரில் 12 ஆம்பியர் ஒட்டி வருகிறது. பழைய பெட்டி, உருகிய வயர், பில், எல்லாவற்றையும் படம் எடுத்து நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன். கடையிலிருந்து ஒரே ஒரு பதில்தான் வந்தது: வண்டியைக் கொண்டு வாருங்கள், கெய்னை இலவசமாகச் சரிசெய்து தருகிறோம் என்று. பணம் இன்னும் வரவில்லை.